பெட்டிக்கு ஓர் எண்: இராமேஸ்வரம் கரையின் மீன் கிடங்குகளில் கம்பியில்லா லேபிள் அச்சு

கம்பியில்லா லேபிள் அச்சு என்பது, கிடங்கில் நின்ற இடத்திலிருந்தே பெட்டிக்குரிய பார்கோடு லேபிளை எடுக்கும் ஏற்பாடு. சரக்கைப் பார்ப்பவர் கையில் ஒரு ஸ்கேனர் கருவி இருக்கும். அதில் வகையையும் எடையையும் உறுதிசெய்ததும் அருகிலுள்ள பிரிண்டரில் லேபிள் வந்து விழும். அலுவலக அறைக்குப் போய்ச் சீட்டு வாங்கி வரும் நடை மிச்சமாவது கண்ணுக்குத் தெரியும் லாபம். பெரிய லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. எடை போடும் நேரத்துக்கும் லேபிள் ஒட்டும் நேரத்துக்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறது. ஒரு பெட்டியின் லேபிள் இன்னொரு பெட்டிக்குப் போய்விடுவது அந்த இடைவெளியில்தான்.

இராமநாதபுரம் மாவட்டக் கரையில் இதற்கு மிகவும் பொருந்தும் இடங்கள் மீன் பதன ஆலைகளும் அவற்றின் குளிர்கிடங்குகளும். இராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் இறங்கும் இறால், கணவாய், நண்டு ஆகியவை தரம் பிரித்து ஏற்றுமதிக்குப் போகின்றன. பாக் விரிகுடாவின் நீலக்கால் நண்டை அவித்துச் சதையெடுத்து, டப்பாவில் அடைத்து, பாஸ்டுரைஸ் செய்து அமெரிக்காவுக்கு அனுப்புவது இந்தப் பகுதியின் தனித் தொழில். அந்தச் சதையெடுக்கும் வேலை கடலோர ஊர்ப் பெண்களின் கையில் இருக்கிறது. 1947இல் தொடங்கப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் பல ஆண்டுகள் மண்டபம் முகாமில்தான் இருந்தது. இந்தக் கடலின் உயிரினங்களைப் பெயரிட்டு எண்ணிப் பதிவு செய்யும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

சரக்கு வரத்தின் தன்மையும் கவனிக்க வேண்டியது. பாக் விரிகுடாவில் விசைப்படகுகளுக்கு வாரம் 3 நாள், நாட்டுப்படகுகளுக்கு 4 நாள் என்ற நடைமுறை நெடுங்காலமாக உண்டு. விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் போய் மறுநாள் காலை கரை சேர்கின்றன. அதனால் சரக்கு வாரம் முழுதும் சீராக வருவதில்லை. செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் ஒரேயடியாகக் குவிகிறது. ஒரு டன் இறாலை 2 கிலோ பொட்டலங்களாகக் கட்டினால் 500 லேபிள். பத்துப் பத்தாக மாஸ்டர் கார்ட்டனில் வைத்தால் மேலும் 50. இத்தனையும் சில மணி நேரத்துக்குள் பிழையில்லாமல் வர வேண்டும். சராசரி நாளை மனத்தில் வைத்துத் திட்டமிட்ட ஏற்பாடு செவ்வாய்க்கிழமை காலையில் படுத்துவிடும்.

லேபிளில் கேட்கப்படும் விவரம் ஆண்டுக்காண்டு கூடிவருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1005/2008 விதி 2010 ஜனவரி 1 முதல் மீன்பிடிச் சான்றைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் அந்தச் சான்றை உறுதிசெய்து தருவது 1972இல் நிறுவப்பட்ட கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம். 2026 ஜனவரி 10 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தச் சான்றுகளை ‘கேட்ச்’ என்ற மின்னணு முறையில் வாங்குகிறது. அங்கே நுகர்வோர் கைக்குப் போகும் மீனின் லேபிளில் வணிகப் பெயர், அறிவியல் பெயர், கடலில் பிடித்ததா வளர்த்ததா, எந்தக் கடற்பகுதி, எந்த வகை வலை என்பவை இருக்க வேண்டும் என்கிறது 1379/2013 விதி. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022 நவம்பரில் வெளியிட்ட தடமறியும் விதியின் பட்டியலில் இறாலும் நண்டும் இருக்கின்றன. அதன் அமலாக்கம் 2026 ஜனவரியிலிருந்து 2028 ஜூலைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அந்த விதி, ஒரே தொகுதிச் சரக்குக்குத் தரும் லாட் எண்ணைச் சுற்றியே கட்டப்பட்டது. கேட்டால் 24 மணி நேரத்துக்குள் அந்த லாட்டின் வரலாற்றைக் கணினிப் பட்டியலாகத் தர வேண்டும். கையால் எழுதிய லேபிளும் நோட்டுப் புத்தகமும் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க மாட்டா.

எண் முதலில், அச்சு பிறகு

லேபிளில் எத்தனை வரி இருந்தாலும் கணக்கைத் தாங்குவது ஒரே ஓர் எண். ஜிஎஸ்1 என்ற உலகப் பொது பார்கோடு முறையில் ஏற்றுமதிப் பெட்டிக்கோ பேலட்டுக்கோ 18 இலக்கச் சரக்கு எண் தரப்படுகிறது. அதற்குள் நிறுவனத்துக்கு ஒதுக்கிய முன்னெண், தொடர் எண், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் ஆகியவை அடங்கும்; இந்தியாவில் பதிவு செய்த நிறுவனங்களின் முன்னெண் 890 என்று தொடங்கும். லாட், உற்பத்தி நாள், நிகர எடை ஆகியவற்றுக்குத் தனித்தனி அடையாளக் குறிகள் உண்டு: லாட்டுக்கு 10, உற்பத்தி நாளுக்கு 11, கிலோவில் நிகர எடைக்கு 310 என்று தொடங்கும் நான்கு இலக்கம்.

இந்த எண் எங்கே பிறக்கிறது என்பதே முழு ஏற்பாட்டின் அடிப்படைக் கேள்வி. பிரிண்டருக்கே எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டு போகும் வசதி உண்டு. அதை நம்பி வேலை தொடங்குபவர்களும் உண்டு. அது ஆபத்தான வழி. ரிப்பன் சிக்கி நான்கு லேபிள் வீணானால் பிரிண்டரின் எண்ணும் சர்வரின் எண்ணும் பிரிந்துவிடும். பிறகு எந்தப் பெட்டி எது என்று யாருக்கும் தெரியாது. எண்ணை சர்வர் முதலில் உண்டாக்கி, எடை, வகை, லாட், படகு அல்லது வாங்கிய இடம் ஆகியவற்றோடு பதிவு செய்துவிட்டு, அதன் பிறகே அச்சுக்கு அனுப்ப வேண்டும். அப்போது லேபிள் என்பது ஏற்கெனவே உள்ள பதிவின் நகல். கிழிந்தால் அதே எண்ணில் இன்னொரு நகல் எடுக்கலாம். மூலையில் மறுஅச்சு என்று ஒரு குறி இருந்தால் போதும்.

எடையும் தராசிலிருந்து நேராக வர வேண்டும். மின்னணுத் தராசுகள் பெரும்பாலானவற்றில் தொடர்முகத் துளை உண்டு. சிறு மாற்றி ஒன்றின் வழியாக அதை வலையத்தில் இணைத்துவிடலாம். ஈரக் கையுறையோடு 19.85 என்பதை 18.95 என்று தட்டிவிடுவது எளிது. அந்தப் பிழை ஏற்றுமதிப் பத்திரம் வரைக்கும் போய்ச் சேரும்.

கம்பியில்லாத் தொடர்பு என்றைக்காவது ஒரு கணம் அறுந்தே தீரும். கருவி பிரிண்டருக்குத் தகவலை அனுப்புகிறது. பதில் வருவதற்குள் தொடர்பு போகிறது. லேபிள் வந்ததா இல்லையா என்று திரைக்குத் தெரியாது. நிற்பவர் மறுபடி அழுத்துகிறார். இரண்டு லேபிள் வருகிறது. இரண்டிலும் ஒரே எண் இருந்தால் ஒன்றைக் கிழித்துப் போடலாம். இரண்டு வேறு எண்கள் இருந்தால் கணக்கில் இல்லாத ஒரு பெட்டி பிறந்துவிடுகிறது. ஆகவே அழுத்தும் பொத்தான் புது எண்ணைக் கேட்கக் கூடாது. அந்த எடைப் பதிவுக்குரிய எண்ணையே மறுபடி அனுப்ப வேண்டும்.

தகவல் பிரிண்டரைச் சேர்ந்துவிட்டது என்பதும் லேபிள் வெளியே வந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. தகவல் பிரிண்டரின் நினைவகத்தில் போய் உட்கார்ந்திருக்கும். ரோல் தீர்ந்திருக்கும், அல்லது மூடி திறந்திருக்கும். நிலையைக் கேட்கும் கட்டளைகள் எல்லாப் பிரிண்டர் மொழிகளிலும் உண்டு: தாள் உண்டா, ரிப்பன் உண்டா, மூடி திறந்ததா, காத்திருக்கும் லேபிள் எத்தனை என்று அது சொல்லும். நல்ல மென்பொருள் அச்சுக்கு முன்னும் பின்னும் அதைக் கேட்டு, கருவியின் திரையில் தமிழிலேயே ‘ரோல் மாற்றவும்’ என்று காட்டும். இருந்தாலும் கடைசிச் சாட்சி கருவியின் ஸ்கேனர்தான். ஒட்டிய லேபிளை அதே கருவியால் ஒருமுறை படிக்க வேண்டும். படித்த பிறகே சர்வரில் அந்தப் பெட்டி ஒட்டியாயிற்று என்று மாற வேண்டும். இது பெட்டிக்கு ஓரிரு விநாடி கூடுதல் வேலை. மாறி ஒட்டிய லேபிள், மங்கிய லேபிள், ஒட்டவே படாத லேபிள் மூன்றும் அந்த இடத்திலேயே பிடிபடும். அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது இந்தப் படிதான். கைவிடக் கூடாததும் இதுதான்.

மூன்று வழிகள்

கருவிக்கும் பிரிண்டருக்கும் இடையே மூன்று வகை இணைப்பு வழக்கத்தில் உண்டு.

முதல் வகை புளூடூத். இடுப்பில் மாட்டும் சிறு பிரிண்டரும் கையிலுள்ள கருவியும் இணையாகப் பழகிக்கொள்கின்றன. பிரிண்டரின் மேலே ஒட்டிய மேக் முகவரி பார்கோடைப் படித்தோ, தொட்டு இணைக்கும் என்எஃப்சி வசதியாலோ ஜோடி சேர்க்கலாம். வைஃபை எட்டாத இறங்குதளத்தில், ஏலம் முடிந்து கூடை வண்டியேறும் இடத்தில், வேறு வழி இல்லை. ஆனால் ஜோடி என்பது ஒன்றுக்கு ஒன்று. ஆள் மாறும் இடத்தில் தொல்லை. ஆண்ட்ராய்டு 12 முதல் புளூடூத் இணைப்புக்குத் தனி அனுமதி வேண்டும். அந்த அனுமதி கொடுக்கப்படாவிட்டால் அச்சு வராமல் போகும்.

இரண்டாவது, கருவியிலிருந்து வைஃபை வழியாக நேரே பிரிண்டரின் 9100 போர்ட்டுக்கு. இது எளிமையானது, வேகமானது. பிரிண்டருக்குப் புரியும் மொழியில் கருவியே லேபிளை எழுதி அனுப்பும்: ஸீப்ரா வகைக்கு இசட்பிஎல், டிஎஸ்சி வகைக்கு டிஎஸ்பிஎல், சாட்டோ வகைக்கு எஸ்பிபிஎல். இதில் ஒரு பொறி உண்டு. பல பிரிண்டர்களில் அந்தப் போர்ட் ஒரு நேரத்தில் ஒரே ஒரு தொடர்பைத்தான் ஏற்கும். ஒரு கருவி அச்செடுத்த பிறகு தொடர்பை மூடாமல் பையில் உறங்கினால், மற்ற எல்லாருக்கும் பிரிண்டர் கிடைக்காது. பிரிண்டரில் பழுது இருக்காது. தேடுபவர்கள் பிரிண்டரைத்தான் கழற்றுவார்கள். ஒவ்வொரு லேபிளுக்கும் தொடர்பைத் திறந்து மூடுவதும், பிரிண்டரில் செயலற்ற தொடர்பை வெட்டும் கால அளவைக் குறைத்து வைப்பதும் தீர்வு.

மூன்றாவது, கருவி சர்வரிடம் சொல்லும். சர்வர் பிரிண்டருக்கு அனுப்பும். பார்டெண்டர், நைஸ்லேபிள் போன்ற லேபிள் மென்பொருள்கள் இந்த இடத்தில் அமர்கின்றன. லேபிள் வடிவத்தை ஓரிடத்தில் மாற்றினால் எல்லாப் பிரிண்டரிலும் மாறும். யார், எப்போது, எதை அச்சிட்டார் என்ற பதிவு தானாகச் சேரும். எண் முதலில் சர்வரில் பிறக்க வேண்டும் என்ற விதிக்கு இயல்பாகப் பொருந்துவது இந்த வழி. ஆலைக்குள் நிலையாக நடக்கும் வேலைக்கு இதுவே தகும். இறங்குதளத்துக்கு மட்டும் புளூடூத் போதும். சர்வர் எங்கோ தொலைவில் மேகத்தில் இருந்தால் இணையம் நின்றதும் அச்சும் நிற்கும். கடலோரத்தில் காற்று மழைக்காலத்தில் மின்சாரமும் இணையமும் அடிக்கடி போவதால், அச்சுக்குரிய சர்வர் ஆலைக்குள்ளேயே, யுபிஎஸ் பின்பலத்தோடு இருப்பது நல்லது. அதற்கும் வழியில்லாத நேரத்துக்கென்று ஒவ்வொரு கருவிக்கும் எண்களின் ஒரு தொகுதியை முன்கூட்டி ஒதுக்கி வைக்கலாம். தொடர்பு திரும்பியதும் பயன்படுத்திய எண்கள் சர்வரைச் சேரும்.

எந்தக் கருவி எந்தப் பிரிண்டருக்கு என்பதை ஆளோடு பிணைக்காமல் இடத்தோடு பிணைப்பது சிறந்தது. பிரிண்டரின் நெற்றியில் அதன் பெயருள்ள பார்கோடு ஒன்றை ஒட்டி வைத்து, வேலை தொடங்கும்போது அதைப் படித்தால் கருவி அந்த மேசைக்குச் சொந்தமாகிவிடும். பட்டியலில் பிரிண்டரின் பெயரைத் தேடித் தொடும் முறையில், இரண்டாம் மேசையின் லேபிள் ஐந்தாம் மேசையில் வருவது தவிர்க்க முடியாதது.

அலையும் இரும்புச் சுவரும்

குளிர்கிடங்கின் சுவர் என்பது இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே நுரை நிரப்பிய பஃப் பலகை. வானொலி அலைக்கு அது இரும்புப் பெட்டி. வெளியே கூரையில் உள்ள வைஃபை பெட்டியின் அலை கதவு மூடியதும் உள்ளே அற்றுப்போகும். உள்ளே ஈரச் சரக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சும். உறைகுளிரைத் தாங்கும் வைஃபை அணுகு பெட்டியை உள்ளே வைப்பது ஒரு வழி. பெட்டியை வெளியே வைத்து ஆண்டெனாவை மட்டும் உள்ளே இழுப்பது இன்னொரு வழி. அந்தத் துளையைச் சரியாக அடைக்காவிட்டால் ஈரக்காற்று புகுந்து பனிக்கட்டி படரும். கருவி உள்ளே அலைய வேண்டியிருந்தால் மட்டுமே இவ்வளவு செலவு. அச்சை வெளியே முன்னறையில் முடித்துவிட்டு, ஒட்டிய பெட்டியை உள்ளே அனுப்புவது மலிவும் உறுதியுமான வழி.

அலையளவை எப்போது அளப்பது என்பதில் இந்தக் கரைக்கே உரிய ஒரு கண்ணி உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆலைக்கு ஓய்வு, வேலைக்காரர்களுக்கு நேரம், புது ஏற்பாடு செய்ய வசதி. ஆனால் அப்போது கிடங்கு காலியாக இருக்கும். காலிக் கிடங்கில் எல்லா மூலையிலும் அலை நன்றாகவே கிடைக்கும். ஜூன் கடைசியில் சரக்கு கூரைவரை ஏறியதும் அதே மூலைகள் செத்துவிடும். கம்பியிழுக்கும் வேலையைத் தடைக்காலத்தில் செய்யலாம். அளவெடுப்பை முந்தைய பருவத்தில் கிடங்கு நிறைந்திருந்தபோதே செய்திருக்க வேண்டும். கருவி நிற்கும் இடத்தில் −67 டெசிபல் மில்லிவாட்டுக்குக் குறையாத அலை என்பது நடைமுறையில் ஏற்கப்பட்ட அளவு.

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை 2005இலும் 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதி 2018இலும் உரிமம் இல்லாத பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டன. 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றே. பழைய பிரிண்டர்கள் பல இந்தப் பட்டையை மட்டுமே அறியும் என்பதால் அதை முற்றாக மூடிவிட முடியாது. 5 கிகாஹெர்ட்ஸில் நடுவிலுள்ள சேனல்கள் ரேடாருக்கும் பொதுவானவை. ரேடார் அலையை உணர்ந்ததும் அணுகு பெட்டி அந்தச் சேனலை விட்டு விலகி 30 நிமிடம் திரும்பாமல் இருக்க வேண்டும். புதிதாக அப்படிப்பட்ட சேனலில் நுழையும்போது 60 விநாடி காத்துக் கேட்க வேண்டும். உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானதளமும் மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையமும் உள்ள பகுதி இது. ஏலக் காலையில் அந்த ஒரு நிமிட மௌனத்துக்கு இடம் கொடுப்பதைவிட 36 முதல் 48 வரை, 149 முதல் 161 வரை உள்ள சேனல்களோடு நிறுத்திக்கொள்வது அறிவு.

முகவரி விஷயம் சுருக்கமானது. பிரிண்டர் ஒவ்வொன்றுக்கும் மாறாத ஐபி முகவரி வேண்டும். அதை டிஎச்சிபி சர்வரிலேயே மேக் முகவரிக்கு ஒதுக்கி வைப்பது பராமரிக்க எளிது. கருவிகளுக்கும் அப்படிச் செய்ய நினைத்தால், ஆண்ட்ராய்டு 10 முதல் கருவி தன் மேக் முகவரியை மாற்றிக் காட்டும் பழக்கத்தை அந்த வைஃபைக்கு மட்டும் நிறுத்தி வைக்க வேண்டும்.

9100 போர்ட் கடவுச்சொல் கேட்காது. வலையத்தில் நுழைந்த எவரும் அச்சிடலாம். ஏற்றுமதி லேபிளைப் பொறுத்தவரை இது சிறிய விஷயமல்ல. பிரிண்டர்களைத் தனி வலையத்தில் பிரித்து, சர்வருக்கு மட்டும் வழி திறந்துவைக்க வேண்டும். சான்றிதழ் வழி நுழைவு முறையைப் பயன்படுத்தும் ஆலைகளில் ஒரு நுணுக்கம்: சொந்தக் கடிகாரம் இல்லாத பிரிண்டர், மின்சாரம் போய் வந்ததும் பழைய ஆண்டிலிருந்து எழும். சான்றிதழின் நாள் பொருந்தாமல் வலையம் அதை ஏற்காது. கடிகாரம் உள்ள மாதிரியை வாங்குவது அல்லது அந்தப் பிரிண்டரைக் கம்பியில் இணைப்பது தவிர வழியில்லை. மேசையில் நிலையாக உட்காரும் பிரிண்டருக்கு நெட்வொர்க் கம்பி கொடுப்பதில் குறை ஒன்றும் இல்லை. கருவி கம்பியில்லாமல் இருந்தால் போதும்.

தாள், மை, உப்பு

வெப்ப அச்சில் இரு வகை. நேரடி வெப்ப அச்சில் தாளே கறுக்கும், ரிப்பன் தேவையில்லை. ரிப்பன் வழி அச்சில் மெழுகோ ரெசினோ தாளுக்கு இடம் மாறும். இரண்டு நாள் கிடந்து போகும் கூடைக்கு முதல் வகை போதும். இரண்டு ஆண்டு −18 டிகிரியில் இருந்து கப்பலேறும் கார்ட்டனுக்கு ரிப்பன் வகையே வேண்டும். செயற்கைத் தாளும் ரெசின் ரிப்பனும் சேர்ந்தால் ஈரத்தில் தேய்த்தாலும் எழுத்து போகாது. நண்டுச் சதை டப்பாவில் இந்த வேறுபாடு கண்முன்னே தெரியும். பாஸ்டுரைஸ் செய்ய டப்பாவை 80 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரில் நெடுநேரம் வைக்கிறார்கள். நேரடி வெப்பத் தாளை முன்பே ஒட்டியிருந்தால் முழுத் தாளும் கறுத்துப் பார்கோடு மறைந்துவிடும். டப்பா மூடியில் மைத்தெறிப்பு எண் இருக்க, தாள் லேபிள் குளிர்ந்த பிறகு வெளிப்பெட்டிக்கு வருவதுதான் வரிசை.

பசைக்கு இரண்டு வெப்பநிலை உண்டு: எந்தக் குளிர்வரை பிடித்திருக்கும் என்பது ஒன்று, எந்த வெப்பத்துக்கு மேல் ஒட்ட வேண்டும் என்பது மற்றொன்று. விற்பவர்கள் முதலாவதைச் சொல்வார்கள். ஆலைக்கு இரண்டாவது முக்கியம். பனி பூத்த கார்ட்டனில் எந்தப் பசையும் நிற்காது. மெழுகு பூசிய அட்டையில் நிற்கும் பசைகள் சில. அதே அட்டையில் ஒட்டி, உறைகுளிரில் ஒரு வாரம் வைத்துப் பார்த்த பிறகே ரோல்களை மொத்தமாக வாங்க வேண்டும்.

பார்கோடின் அளவைக் கணக்குப் போட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். அங்குலத்துக்கு 203 புள்ளித் திறனுள்ள பிரிண்டரில் மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. ஒரு புள்ளி 0.125 மில்லிமீட்டர். சரக்குப் பெட்டிக்கு ஜிஎஸ்1 கேட்கும் குறைந்தபட்சக் கோட்டு அகலம் 0.495 மில்லிமீட்டர். ஆகவே மெல்லிய கோடு 4 புள்ளி, அதாவது 0.5 மில்லிமீட்டர். 18 இலக்க எண்ணும் அதன் முன்குறி இரண்டு இலக்கமும் சேர்ந்த கோடு 156 அலகு. 624 புள்ளி, 78 மில்லிமீட்டர். இருபுறமும் 5 மில்லிமீட்டர் வெற்றிடம் விட்டால் 88. நூறு மில்லிமீட்டர் லேபிளில் அடங்கும், 75 மில்லிமீட்டர் லேபிளில் அடங்காது. அடக்க வேண்டும் என்பதற்காக 3 புள்ளிக்குச் சுருக்கிய லேபிளை ஆலைக்குள் படிக்க முடியும். தூத்துக்குடித் துறைமுகம் தாண்டி வாங்குபவரின் கிடங்கில் உயரத்தில் இருக்கும் பேலட்டில் அதைப் படிக்க முடியுமா என்பதற்கு உறுதியில்லை.

பிரிண்டரின் அச்சுத் தலைப்பகுதியில் புள்ளி ஒன்று செத்தால் லேபிளின் நீளத்துக்கும் வெள்ளைக் கோடு விழும். பார்கோடின் கோடுகள் தாள் நகரும் திசையிலேயே நின்றால், அந்த வெள்ளைக் கோடு ஒரு மெல்லிய கோட்டை விழுங்கும், எண்ணைப் படிக்க முடியாது. பார்கோடைத் திருப்பி ஏணிப்படி போல வைத்தால், வெள்ளைக் கோடு எல்லாக் கோடுகளையும் ஒரே இடத்தில் வெட்டும், மற்ற உயரத்தில் எண்ணைப் படிக்க முடியும். உப்புத் துகள் தலைப்பகுதியைக் கீறும் கடலோரத்தில் இரண்டாவது அமைப்பை, அச்சு வேகத்தைச் சற்றுக் குறைத்து, வைப்பது நல்லது. ரிப்பன் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் தலையைத் துடைப்பது கட்டாயம்.

ரிப்பன் வழி பிரிண்டர்கள் வழக்கமாக 5 முதல் 40 டிகிரி வரைதான் வேலை செய்யும். குளிரிலிருந்து வெளியே வந்த கருவியிலும் பிரிண்டரிலும் இந்தக் கரையின் ஈரக்காற்று உடனே நீராகப் படியும். அதனால் கிடங்குக்குள் போகும் கருவியும் வெளியே இருக்கும் கருவியும் வேறு வேறாக இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரியைப் பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. சார்ஜர் எப்போதும் வெளியே.

தமிழ் எழுத்து

வெளிநாட்டுக்குப் போகும் பெட்டியில் ஆங்கிலம் போதும். ஆலைக்குள் சுற்றும் தட்டுகளின் லேபிளில் வகை, எண்ணிக்கைத் தரமான கவுண்ட், மேசை எண் ஆகியவை தமிழில் இருப்பது அவசியம். தரம் பிரித்து அடுக்குபவர்கள் ஒரு பார்வையில் படித்துச் சரிபார்க்க முடிந்தால், எந்த மென்பொருளும் பிடிக்காத பிழையை அவர்கள் பிடிப்பார்கள். இதை ஓர் ஆடம்பரமாக ஒதுக்கிவைப்பது தவறு.

பழைய பிரிண்டருக்குத் தமிழ் எழுத்துருவை ஏற்றினால் மட்டும் போதாது. ‘கெ’, ‘கொ’ போன்றவற்றில் கொம்பு மெய்க்கு முன்னால் வர வேண்டும். எழுத்தை வரிசையாக மட்டும் அச்சிடும் பிரிண்டர் கொம்பைப் பின்னால் தள்ளிவிடும். யூனிகோடு குறியீட்டையும் எழுத்து வடிவமைப்புக் கட்டளையையும் ஏற்கும் புதுப் பிரிண்டர்களில் இது சரியாக வரும். மற்றவற்றில் சர்வர் தமிழ் வரியைப் படமாக மாற்றி அனுப்ப வேண்டும். 812 புள்ளி அகலமும் 60 புள்ளி உயரமும் உள்ள ஒரு வரிக்கு ஏறக்குறைய 6 கிலோபைட், அது சுமையல்ல. நான்கு அங்குல அகலமும் ஆறு அங்குல நீளமும் கொண்ட முழு லேபிளையும் படமாக அனுப்பினால் ஒவ்வொன்றும் 120 கிலோபைட்டைத் தாண்டும். வடிவத்தைப் பிரிண்டரிலேயே சேமித்துவைத்து மாறும் விவரத்தை மட்டும் அனுப்பினால் சில நூறு பைட் போதும். கைப்பேசியில் பிடிஎஃப் அச்சிடும் வழியைக் கிடங்குக்குக் கொண்டுவருபவர்கள் தடுமாறுவதற்கு இந்தப் படச் சுமையும் ஒரு காரணம். பிடிஎஃப்பை அளவு மாற்றும்போது 4 புள்ளிக் கோடு நாலரையாகி ஓரம் கலங்குவது இன்னொன்று.

நிறுவும் வரிசை

வேலையை ஒரே நாளில் முழு ஆலைக்கும் விரிப்பதைவிட ஒரு மேசையில் தொடங்குவது பாதுகாப்பு. முதலில் எண் விதியும் லேபிள் வடிவமும். அடுத்து ஒட்டிப் பார்த்த தாளும் பசையும். பிறகு நிறைந்த கிடங்கின் அலையளவு. கடைசியில் பிரிண்டர் கொள்முதல். நடைமுறையில் பல இடங்களில் பிரிண்டர் முதலில் வந்துவிடுகிறது. மற்றதெல்லாம் அதற்கேற்ப வளைக்கப்படுகிறது. ஒரு மேசையில் கடும் வரத்துள்ள சில காலைகளைத் தாண்டிய பிறகு, வேண்டுமென்றே சோதித்துப் பார்க்க வேண்டும்: அச்சு நடுவே வைஃபையை நிறுத்துவது, ரோலை உருவிவிடுவது, மின்சாரத்தை வெட்டித் திரும்பக் கொடுப்பது. ஒவ்வொன்றுக்கும் பிறகு சர்வரின் எண்களும் பெட்டிகளின் எண்களும் ஒன்றாக இருந்தால் அடுத்த மேசைக்குப் போகலாம்.

பழைய விண்டோஸ் கைக்கருவிகளுக்கான ஆதரவு முடிந்துவிட்டது. மலிவாகக் கிடைக்கிறது என்று அவற்றை இப்போது வாங்கும் ஆலை, பாதுகாப்புத் திருத்தம் வராத கருவியை ஏற்றுமதிக் கணக்கோடு இணைக்கிறது. ஆண்ட்ராய்டுக் கருவி எதுவானாலும், எத்தனை ஆண்டு திருத்தம் வரும் என்பதை எழுத்தில் வாங்குவது முறை. கம்பியில்லாக் கருவிக்கும் பிரிண்டருக்கும் தொலைத்தொடர்புத் துறையின் கருவி வகை ஒப்புதல் இருக்க வேண்டும். பிறநாட்டிலிருந்து நேரே வாங்கியவற்றில் அது இல்லாமலும் நாட்டுக் குறி மாறியும் இருப்பதுண்டு. நாட்டுக் குறி மாறியிருந்தால் பிரிண்டருக்குச் சில சேனல்கள் தெரியவே தெரியாது.

தடைக்காலத்தில் பிரிண்டர்களை மூடி வைத்துவிட்டுப் போனால் உப்புக்காற்று உருளைகளையும் இணைப்பு முனைகளையும் தின்றுவிடும். ரிப்பனையும் ரோலையும் கழற்றி, தலையைத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைப்பதும், வாரம் ஒருமுறை மின்சாரம் கொடுத்துச் சோதனை லேபிள் எடுப்பதும் அந்த 61 நாளின் வேலை. ரோல்களும் காற்றில் ஈரமேறும். பழைய பருவத்து ரோலில் முதல் சில சுற்றுகளை வீணாக்கிவிட்டே தொடங்க வேண்டும். இராமேஸ்வரத்துக்குச் சேவைப் பொறியாளர் வருவதென்றால் 170 கிலோமீட்டர் தாண்டி மதுரையிலிருந்துதான் பெரும்பாலும் வர வேண்டியிருக்கும். அதனால் ஒரு தலைப்பகுதி, ஓர் உருளை, முழுதாக அமைப்பு ஏற்றிய ஒரு மாற்றுப் பிரிண்டர் ஆகியவை ஆலையிலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு பிரிண்டரின் அமைப்பையும் கோப்பாக எடுத்து சர்வரில் வைத்திருந்தால், மாற்றுப் பிரிண்டர் பழையதன் முகவரியோடும் பெயரோடும் சில நிமிடங்களில் அதே மேசையில் வேலைக்கு நிற்கும்.